டேப்பைப் பிரிக்காதே

ஜனவரி 9

அன்புத் தம்பி நட்டுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் மாமாவும் நலம். கடையில் நின்று நின்று கால் வீங்குகிறது என்றாயே, இப்போது எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

போன் செய்யாமல் ஏன் கடிதம் என்று கேட்க மாட்டாய். ஒப்பந்தம் போட்டவனே நீதான். போனில் பேசினால் நமக்கு மூன்றாவது நிமிடத்தில் சண்டை வருகிறது. போன வருடம் குக்கர் மூடியில் ஆரம்பித்த பேச்சு நான்கு மாதம் பேசாமல் இருந்ததில் போய் முடிந்தது. எழுதும்போது இருவருக்கும் வாய் கொஞ்சம் குறைகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். மேசையில் வைத்து வேலை செய்வது. ஸ்டூடியோவில் நீண்ட விடுப்பு எடுத்திருக்கிறேன். பன்னிரண்டு வருடமாக ஒரே நாற்காலி, ஓய்வு வேண்டாமா? முதலாளி, "வீட்டிலேயே தினம் ரெண்டு மூணு மணி நேரம் படங்களைச் சரிபண்ணிக் குடும்மா, எனக்கும் உன்னை விட்டா ஆள் இல்லை" என்றார். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் படம், அடையாள அட்டைப் படம், கைக்குழந்தைப் படம். பருவை எடுக்க வேண்டும், தோலின் நிறத்தைச் சரிசெய்ய வேண்டும், மூக்குக்கண்ணாடியில் விழுந்த வெளிச்சத்தைத் துடைக்க வேண்டும். தணிக்கை அதிகாரி என்று கேலி செய்வாயே, அதே வேலைதான்.

கையில் நாற்பதாயிரம் இருக்கிறது. மேலே விழுவதை நான் போட்டுக்கொள்கிறேன் என்று நீ ஆரம்பித்தால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. பக்கத்துத் தெருக் கடைக்காரர், உள்ளே நீலமும் சிவப்புமாக விளக்கு எரியும் பெட்டி ஒன்றைக் காட்டி, இதுதான் படவேலைக்கு என்கிறார். வாங்கலாமா? எனக்குச் சாயங்காலமானால் கண்ணில் நீர் வருகிறது. திரை பெரிதாக இருந்தால் தேவலை.

என் படம் ஒன்று வைத்திருக்கிறேன். ஓய்வில் எப்படிப் பளிச்சென்று ஆகிவிட்டேன், பார்.

உன் அக்கா


ஜனவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

நட்டு எழுதுகிறேன். கால் வீக்கம் பரவாயில்லை, முதலாளி ஒரு ஸ்டூல் கொடுத்துவிட்டார். பத்து வயதில் ரேடியோவைப் பிரித்து மாட்டி, கடைசியில் கையில் ஒரு நட்டு மிச்சம் வைத்திருந்தேன் என்பதற்காக முப்பத்து நான்கு வயதிலும் அந்தப் பெயரா? இன்றைக்கு இந்த ஊரில் பாதி அலுவலகங்களின் கம்ப்யூட்டரைச் சரிபார்ப்பவன் நான்.

அந்த விளக்குப் பெட்டியை வாங்கிவிடாதே. அது துப்பாக்கி விளையாட்டு ஆடுகிறவர்களுக்கு. நீ வைரியைச் சுடப் போவதில்லை, பருவைத்தான் எடுக்கப் போகிறாய். அதில் இருக்கும் பெரிய கிராஃபிக்ஸ் கார்டு உன் வேலைக்குச் சும்மா உட்கார்ந்திருக்கும். உனக்கு வேண்டியது நல்ல பிராசஸர், பதினாறு ஜிபி ரேம், படங்கள் சட்டென்று திறக்க ஒரு எஸ்எஸ்டி. எட்டு ஜிபியோடு நாற்பது பிள்ளைகளின் படத்தைத் திறந்தால் மிஷினுக்கு மூச்சு வாங்கும்.

பணத்தில் பாதியைத் திரைக்குப் போடு. எல்லோரும் இதில்தான் தப்பு செய்கிறார்கள். பெட்டி எவ்வளவு வேகமாக இருந்தாலும், திரை பொய் சொன்னால் உன் வேலை பொய். பெட்டியைப் பழையதாக எடுப்போம். ஒரு அலுவலகம் புதிதாக மாற்றியபோது விற்ற பெட்டிகள் எங்கள் கடையில் இருக்கின்றன. மூன்று வருடம்தான் ஓடியவை, ஒவ்வொன்றையும் நானே திறந்து பார்த்தேன். திரையைப் புதிதாக வாங்குவோம். நாற்பதுக்குள் அடங்கும்.

படத்தில் நன்றாக இருக்கிறாய். கொஞ்சம் அதிகமாகவே. ஒன்று கேட்கிறேன். பன்னிரண்டு வருடத்தில் ஒரு சனிக்கிழமை கூட லீவு போடாதவள் எதற்கு நீண்ட விடுப்பு? மாமாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


ஜனவரி 28

அன்புத் தம்பிக்கு,

இங்கே நலம். உனக்கு ஸ்டூல் கொடுத்த மகராசன் நன்றாக இருக்கட்டும்.

பழைய பெட்டி என்றதும் முதலில் எனக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. யாரோ மூன்று வருடம் தட்டியதை நான் தட்டுவதா? உன் மாமாதான், "நான் ஓட்டுற பஸ்சுக்குப் பதினாலு வயசு, தினம் நானூறு பேர் ஏறுறாங்க. என்ஜின் நல்லா இருந்தா போதும்" என்றார். சரி, பழையதே இருக்கட்டும். உன் கண்ணுக்குச் சரியென்று பட்டால் எனக்கும் சரி. மிஷின் விஷயத்தில் நீ சொன்னது ஒருநாளும் தப்பாகப் போனதில்லை, இதை நான் போனில் சொல்லவே மாட்டேன்.

பின்னறையை வேலைக்கு ஒதுக்கியிருக்கிறோம். ஜன்னலை எப்போதும் திறந்து வைத்திருக்கிறேன், நல்ல காற்று. தையல் மேசையின் காலுக்கு உன் மாமா அட்டை கொடுத்து ஆட்டத்தை நிறுத்திவிட்டார்.

விடுப்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். இங்கே மழை விட்டுவிட்டது. மாமாவின் பஸ்சுக்குப் புது சீட்டுறை போட்டிருக்கிறார்கள்.

அக்கா


பிப்ரவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடியும், கேட்டால் நீ மழையைப் பற்றி எழுதுகிறாய்.

இன்று பார்சல் லாரியில் ஏற்றிவிட்டேன். இரண்டு அட்டைப்பெட்டி. பெரியதை நீ தூக்காதே, மாமா தூக்கட்டும். உள்ளே இருக்கும் காகிதத்தில் எந்த வயரை எங்கே செருக வேண்டும் என்று படம் போட்டிருக்கிறேன். முப்பத்தெட்டாயிரத்து முந்நூறு ஆனது. மீதியை ஒரு சின்ன யூபிஎஸ்ஸில் போட்டுவிட்டேன், கரண்ட் போனால் படத்தைச் சேமிக்க ஐந்து நிமிடம் கிடைக்கும். என் காசு ஒன்றும் இல்லை, ரசீது இருக்கிறது, சண்டைக்கு வராதே.

முக்கியமான ஒன்று. திரையின் பின்பக்கம், வலது ஓரத்தில் நான்கு பொத்தான்கள் இருக்கும். உனக்கு ஏற்றபடி எல்லாவற்றையும் நானே செட் செய்து, அந்தப் பொத்தான்களின்மேல் கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறேன். டேப்பைப் பிரிக்காதே. எதையாவது அழுத்திவிட்டு, "நட்டு, கெட்டுப்போச்சுடா" என்று எழுதாதே.

தம்பி


பிப்ரவரி 22

என் தங்கத் தம்பிக்கு,

நலம், நலம். பெட்டி வந்து சேர்ந்தது!

மாமா லீவு போட்டுவிட்டு உட்கார்ந்து மாட்டினார். நீ போட்ட படத்தை மூன்று முறை தலைகீழாகப் பிடித்தார், அது வேறு கதை. சுவிட்சைப் போட்டதும் பன்னிரண்டு விநாடி. நான் எண்ணினேன். ஸ்டூடியோ மிஷின் திறப்பதற்குள் தேநீர் குடித்துவிட்டு வரலாம். இதில் தேநீர் போடவே நேரமில்லை. சத்தமும் இல்லை, ஓடுகிறதா என்று காதை வைத்துப் பார்த்தேன்.

திரை கண்ணுக்கு அவ்வளவு இதமாக இருக்கிறது. இரண்டு மணி நேரம் பார்த்தும் நீர் வரவில்லை. முதல் தொகுப்பு முடித்து அனுப்பிவிட்டேன், நூற்றுப் பத்துப் பிள்ளைகள். இரண்டு பேருக்கு முன்பல் இல்லை, அதை அப்படியே விட்டேன். பல் விழுந்த வருடத்துப் படத்தில் பல் இருக்கக் கூடாது.

நீ நன்றாக இருக்க வேண்டும். டேப்பைப் பிரிக்கவில்லை.

அக்கா


மார்ச் 14

தம்பிக்கு,

நீ சுகமா? மூன்று வாரமாக எழுத முடியவில்லை, வேலை.

ஒரு சின்னச் சந்தேகம். முதலாளி என் படங்களைத் திருப்பி அனுப்பினார். இதோடு மூன்றாவது முறை. ஒன்றை வைத்திருக்கிறேன், நீயே பார். பிள்ளைகள் எல்லாம் குளிரில் விறைத்தவர்கள் போல நீலம் பாரித்து இருக்கிறார்கள். நான் சரிசெய்யும்போது அப்படி இல்லை. வரும்போது எல்லா முகமும் மஞ்சளாக இருக்கிறது, நான் அந்த மஞ்சளை எடுக்கிறேன், நல்ல தோல் நிறம் வந்ததும் நிறுத்துகிறேன். என் கண்ணுக்கு நன்றாக இருக்கிறது. காகிதத்தில் நீலம். முதலாளி கோபப்படவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. "இன்னொரு தடவை இப்படி வந்தா வேற ஆளைப் பாக்கணும்மா" என்று மெதுவாகச் சொன்னார்.

திரையில் தப்பிருக்காது. நீ பார்த்து வாங்கியது, நீ செட் செய்தது.

நிறம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, நடுவயதில் நிறம் மாறித் தெரியுமா? உன் கடைக்கு வருகிறவர்கள் யாராவது சொல்லியிருக்கிறார்களா? சும்மாதான் கேட்கிறேன்.

அக்கா


மார்ச் 16

மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுகிறேன். எழுதிப் பழக்கமில்லை. டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். வண்டி கிளம்ப இருபது நிமிடம் இருக்கிறது.

உங்கள் அக்காவுக்கு நவம்பரிலிருந்து நெஞ்சில் நோய். ஆறு மாத மாத்திரை, ஒரு நாள் விடாமல் சாப்பிட்டால் முழுதாகக் குணமாகும் என்கிறார்கள். இருமல் நின்றுவிட்டது, இனி எங்களுக்குத் தொற்றும் என்ற பயமில்லை என்று சொல்லிவிட்டார்கள். எட்டு கிலோ இறங்கிவிட்டாள். உங்களுக்கு அனுப்பிய படத்தில் கன்னத்தில் சதை வைத்ததும் கண்ணுக்குக் கீழே கறுப்பை எடுத்ததும் அவளேதான். நீங்கள் வேலையை விட்டுவிட்டு ஓடிவருவீர்கள் என்று சொல்லக் கூடாது என்றாள். நானும் சரி என்றேன். இப்போது முடியவில்லை.

மாத்திரை கொடுத்தபோதே டாக்டர் சொன்னார், இதில் ஒன்று அபூர்வமாகச் சிலருக்கு நிறங்களைக் குழப்பும், அப்படித் தெரிந்தால் அன்றைக்கே வாருங்கள் என்று. இந்தப் படங்கள் திரும்பியதிலிருந்து அவள் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறாள். "போனா மாத்திரையை நிறுத்துவாங்க. நிறுத்தினா நெஞ்சு, சாப்பிட்டா கண்ணு. எதைங்க விடறது?" என்கிறாள். காலையில் தக்காளிக் கூடையை ஜன்னலில் வைத்து ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால், அழுகினதைப் பொறுக்குகிறேன் என்கிறாள்.

நீங்கள் சொன்னால் கேட்பாள். நான் எழுதியது தெரிய வேண்டாம். மணி அடித்துவிட்டார்கள்.

மாமா


மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ எப்படி இருக்கிறாய்?

படம் வந்தது. ஆமாம், நீலம்தான். திரையில் கோளாறு இருக்கிறதா என்று சோதித்துவிடுவோம். அதற்கு ஒரு முறை இருக்கிறது. இதோடு பெயிண்ட் கடையிலிருந்து வாங்கிய இருபத்து நான்கு நிற அட்டைகள் வைத்திருக்கிறேன். சிவப்பில் ஆரம்பித்து, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என்று கொஞ்சம் கொஞ்சமாக மாறும். பின்னால் எண் போட்டிருக்கிறேன், நீ பார்க்கக் கூடாது. மாமா கலைத்துக் கொடுக்கட்டும். காலை பத்து மணிக்கு, ஜன்னல் வெளிச்சத்தில், மின்விளக்கு இல்லாமல், திரையை அணைத்துவிட்டு, வரிசையாக அடுக்கு. ஒரு கண்ணை மூடி ஒருமுறை, மற்றதை மூடி ஒருமுறை. பிறகு எண்களை எனக்கு எழுது.

இதைச் செய்தால் திரையின் கோளாறு தெரிந்துவிடும்.

மாமாவுக்கும் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். அது டயர் விஷயம்.

தம்பி


ஏப்ரல் 1

நட்டுவுக்கு,

நீ என்னை அவ்வளவு முட்டாள் என்றா நினைத்தாய்? திரையைச் சோதிக்கத் திரையை எதற்கு அணைக்க வேண்டும்? ஒரு கண்ணை மூடினால் திரையின் கோளாறு எப்படித் தெரியும்? டயரைப் பற்றி உனக்கு என்னடா தெரியும்?

மாமாவிடம் கேட்டேன். இரண்டு நிமிடம் டயரைப் பற்றியே பேசினார், மூன்றாவது நிமிடம் அழுதுவிட்டார். ஆக, உனக்குத் தெரியும். சரி. தெரிந்துவிட்டது என்றதும் எனக்கு இரண்டு நாள் கோபம், மூன்றாம் நாள் நன்றாகத் தூங்கினேன்.

அட்டைகளை அடுக்கினேன். இடது கண்ணில் இருபத்து நான்கும் சரி. வலது கண்ணில் பதினேழும் பதினெட்டும் மட்டும் இடம் மாறின. பிறகு மாமாவை அடுக்கச் சொன்னேன். ஒன்பது தப்பு. இத்தனை வருடம் இந்த மனிதர் சிக்னலில் எப்படி நிற்கிறார் என்று தெரியவில்லை.

கண் டாக்டரிடம் பதினைந்தாம் தேதி போகிறோம். நீ எழுதிவிட்டாய், மாமா நாள் வாங்கிவிட்டார், இனி நான் என்ன சொல்ல?

ஆனால் நட்டு, கண் சரி என்றால் படம் ஏன் நீலம்? நீ வாங்கிய திரையும் சரி. அப்படியானால் எனக்கு வேலைதான் மறந்துபோய்விட்டதா? நேற்று ஒரு தொகுப்பு வந்திருக்கிறது. தொடாமல் வைத்திருக்கிறேன். கெடுத்தால் இதுதான் கடைசி.

அக்கா


ஏப்ரல் 7

அக்காவுக்கு,

நேற்று போனில் எல்லாம் பேசிய பிறகும் எழுதுகிறேன். ஒப்பந்தத்தை மீறியவன் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

உன் கடிதம் வந்தபோது ஒரு அம்மாவுக்குத் திரை செட் செய்துகொண்டிருந்தேன். உனக்கு அனுப்பிய அதே மாடல். நாள் முழுக்கக் கணக்கு எழுதுகிறேன், கண் எரிகிறது என்றார். உடனே கை தானாகப் பின்னால் போய் 'ஐ கேர்' என்பதை அழுத்திவிட்டது. திரை லேசாக மஞ்சளாகும், கண்ணுக்கு இதமாக இருக்கும். அழுத்திய விரல் அப்படியே நின்றுவிட்டது. ஜனவரியில், சாயங்காலமானால் கண்ணில் நீர் வருகிறது என்று நீ எழுதியிருந்தாய். உனக்கும் இதைத்தான் வைத்தேன். வைத்து, யாரும் மாற்றிவிடாதபடி டேப்பும் ஒட்டினேன். திரை பொய் சொன்னால் வேலை பொய் என்று உனக்குப் பாடம் எடுத்துவிட்டு, அதைப் பொய் சொல்ல வைத்ததே நான்தான். கணக்கு எழுதுகிறவருக்கு அது மருந்து. உனக்கு அதுவே விஷம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த அம்மாவை அப்படியே நிற்கவைத்துவிட்டு உனக்குப் போன் செய்தேன்.

"அக்கா, திரைக்குப் பின்னாடி கைய விடு. டேப் இருக்கா?"

"இருக்கு. நீதானே பிரிக்காதேன்னு எழுதின?"

"பிரி."

"விளையாடாதே நட்டு."

"பிரி அக்கா. ரெண்டாவது பொத்தான அழுத்து. என்ன வருது?"

"ஐ கேர்னு இருக்கு. பக்கத்துல டிக்."

"அத எடு. எடுத்துட்டு, திரும்பி வந்த பழைய படத்தத் திற."

பிறகு மவுஸ் தட்டும் சத்தம் மட்டும். நான் ஹலோ ஹலோ என்று கத்துகிறேன், கடையே திரும்பிப் பார்க்கிறது. அப்புறம் நீ சொன்னாய், "நீலமா இருக்கு. நட்டு, எனக்கு நீலமாத் தெரியுதுடா." அதையே நாலு தடவை சொன்னாய். போனை மாமா வாங்கினார். "அழுறா மாப்பிள்ளை. ஆனா நல்ல அழுகைதான்" என்றார்.

அதன் பிறகு நீ என்னைத் திட்டியது இருபத்தாறு நிமிடம். கடை முதலாளி மணி பார்த்திருக்கிறார். இவ்வளவு திட்ட மூச்சு இருக்கிறது என்றால் நெஞ்சு ஆறிவருகிறது என்று அர்த்தம். எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? ஆனாலும் ஒரு மாதம் உன்னை அப்படிப் பயப்பட வைத்தேனே, அதற்கும் சேர்த்துத்தான் இந்த மன்னிப்பு.

கண் டாக்டரிடம் போகாமல் இருந்துவிடாதே. என் பெயிண்ட் அட்டையை நம்பாதே.

இன்னொன்று. இனி எனக்குப் படம் அனுப்பினால், தணிக்கை செய்யாமல் அனுப்பு.

தம்பி


ஜூன் 3

அன்புத் தம்பிக்கு,

நலம் என்ற ஒரே வார்த்தையில் முடிக்காமல், எப்படி இருக்கிறேன் என்று எழுதுகிறேன். மே மாதக் கடைசியில் மாத்திரை முடிந்தது. நெஞ்சுப் படத்தைப் பார்த்துவிட்டு டாக்டர், "போயிட்டு வாங்க, இனி சளி பிடிச்சா மட்டும் வாங்க" என்றார். மூன்று கிலோ ஏறியிருக்கிறேன். மாடிப்படி ஏறினால் இன்னும் நடுவில் நிற்கிறேன். கண் டாக்டர் ஏப்ரலிலேயே ஒரு குறையும் இல்லை என்றுவிட்டார். உன் அட்டைக் கதையைச் சொன்னேன், மேசையைத் தட்டிச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டேன். அவ்வளவு நிம்மதி.

முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன், தம்பி டேப் ஒட்டிவிட்டான் என்று. அடுத்த தொகுப்பைப் பார்த்துவிட்டு, "பழைய கை வந்திருச்சும்மா" என்றார். ஜூலையிலிருந்து ஸ்டூடியோவில் பாதி நாள், வீட்டில் பாதி நாள். உன் பெட்டி மூச்சு விடாமல் ஓடுகிறது.

உன்னை இருபத்தாறு நிமிடம் திட்டியதற்கு வருத்தமில்லை. நீ பிறந்ததிலிருந்து உன் பேச்சை நான் ஒரே ஒருமுறைதான் கேட்டேன், டேப்பைப் பிரிக்காதே என்றாய், பிரிக்கவில்லை. அதற்குக் கிடைத்த பலன் இது. ஆனால் உன்னிடம் மறைத்ததற்கு வருத்தம் இருக்கிறது. இரண்டு வரி உண்மையாக எழுதியிருந்தால், கண்ணில் நீர் வருவது நோயின் அசதியால் என்று உனக்குத் தெரிந்திருக்கும். நீ பொத்தானை அழுத்தியிருக்க மாட்டாய்.

நீ கேட்ட படம் இதோடு. மாமா பின்னறை ஜன்னலுக்குப் பக்கத்தில் நிற்கவைத்து எடுத்தார். நம் திரையில் திறந்து பார்த்தேன். கை பழக்கத்தில் கண்ணுக்குக் கீழே போய்விட்டது, இழுத்துக்கொண்டேன். கறுப்பு, எலும்பு, முன்நெற்றி நரை எதையும் தொடவில்லை.

அக்கா


ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

படம் கிடைத்தது. கடைக்குள் விளக்கில் பார்த்தேன். பிறகு வெளியே எடுத்துப் போய் வெயிலில் பார்த்தேன். கணக்கு எழுதும் அந்த அம்மா வந்திருந்தார், "யாரு, அக்காவா? ரொம்ப மெலிஞ்சிருக்காங்களே" என்றார். ஆமாம், தேறி வருகிறார்கள் என்றேன்.

மெலிந்துதான் இருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். குக்கர் மூடியைப் பற்றி யாரும் பேசக் கூடாது.

நிறம் சரியாக இருக்கிறது, அக்கா.

நட்டு